சுழலும் வட்டம்

காலை பத்து நாற்பது. புவெர்ட்டோ மோன்ட்டில் மழை.
தீவில் வெயில் என்கிறாள் யாஸ்னா.
நான் நம்புவதற்காக லேப்டாப்பை ஜன்னல் பக்கம் திருப்புகிறாள்.
திரை வெள்ளையாக எரிந்து, மெல்லத் தெளிகிறது:
கடல் உள்வாங்கிய சேற்றில் சாய்ந்து கிடக்கும் படகுகள்,
அவற்றுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் அமாரோ.
மூன்று வயது, இரண்டு மாதம்.

என் பெட்டி இங்கே மேசைமேல் மூடிக் கிடக்கிறது.
சாவி கொடுத்தால் குதிக்கும் முயல், சோப்புக் குமிழி,
கண் மூடித் திறக்கும் பொம்மை.
படகில் அனுப்பலாம்தான். படகு வியாழக்கிழமை.
ஆகவே பாத்திரம் கழுவும் திரவம், ஒரு வெங்காயத்தாள் குழல்.
"இரண்டு முறை ஊதிவிட்டு நிறுத்துங்கள்.
இன்னும் வேண்டுமென்று கேட்கிறானா பார்ப்போம்."
பார்ப்போம் என்கிறேன்.
எனக்குத் தெரிவதெல்லாம்
அவளுடைய ஸ்வெட்டரின் முழங்கை.

"இப்போது பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். தொடாமல்."
அமாரோ.
விறகடுப்பில் ஏதோ வெடிக்கிறது. அதற்குத் திரும்புகிறான்.
"இன்னொரு முறை."
அமாரோ.
மூன்றாம் முறை கூப்பிடும்போது
அது அவனைக் கூப்பிடும் குரலாக இல்லை,
எனக்குப் பதில் சொல்லும் குரல்.
அந்தக் குரலுக்கு யார்தான் திரும்புவார்கள்?
இதை நான் எங்கும் எழுதவில்லை.

கண்ணோடு கண் பார்க்கிறானா என்று கேட்கும்போது
நான் திரைக்கு மேலிருக்கும் பச்சைப் புள்ளியைப் பார்க்கிறேன்.
அப்போதுதான் அவளைப் பார்ப்பதாக அவளுக்குத் தெரியும்.
பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள்.
அவள் கண்களையே பார்த்தால்
குனிந்து எதையோ தேடுகிறவளாகத் தெரிவேன்.
திரையின் ஓரத்துச் சின்னச் சதுரத்தில்
ஒரு பெண் யாரையும் பார்க்காமல் தலையாட்டிக்கொண்டிருக்கிறாள்.
என் தாளின் கணக்குப்படி
அவளையும் கவனிக்க வேண்டியதுதான்.

பதினொன்று ஐந்துக்கு இணைப்பு போனது.
உறைந்துவிட்டான். ஒரு கை அந்தரத்தில், வாய் பாதி திறந்து.
பேனாவைக் கீழே வைத்தேன். காபி ஆறிப்போயிருந்தது.
கீழே தெருவில் மட்டி வண்டி ஒன்று
பீப் பீப் என்று பின்னால் வந்துகொண்டிருந்தது.
நாற்பது நொடி இருக்கும்.

மறுபடி வந்தபோது திரை முழுக்க யாஸ்னாவின் முகம்.
"பார்த்தீர்களா?"
"எதை?"

நீங்கள் அப்படியே நின்றுபோனதும்
உங்கள் மூக்குமேல் ஒரு வட்டம் சுழன்றது டாக்டர்.
விரலை நீட்டினான்.
என்னைப் பார்த்தான். வட்டத்தைப் பார்த்தான்.
திரும்ப என்னை,
நானும் அதைப் பார்க்கிறேனா என்று.
அப்புறம் சிரித்தான் பாருங்கள்.

அந்த ஒரு விரலைத்தான்
இருபத்தைந்து நிமிடமாகத் தேடிக்கொண்டிருந்தோம்,
குமிழி ஊதி, பிஸ்கட் டப்பாவை இறுக்கி மூடி.
அதனால் ஆட்டிசம் இல்லையென்று ஆகிவிடாது.
அவளும் அதைக் கேட்கவில்லை.
படிவத்தில் அந்தக் கட்டத்துக்கு இரண்டே பதில்:
காணப்பட்டது, காணப்படவில்லை.
யாரால் என்று கேட்பதில்லை.

பேனா இரண்டுக்கும் நடுவில் நிற்கும்போது
யாஸ்னா கேட்கிறாள், சற்றே கூச்சத்தோடு:
"இன்னொரு தரம் போய்விட்டு வருகிறீர்களா?"

வயரைப் பிடுங்கினேன்.
திரை இருண்டது; என் முகம் மட்டும் மங்கலாக அதில்.
அங்கே என் மூக்குமேல் வட்டம் சுழலும்.
ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினேன்.
நாற்பதில் நிறுத்தவில்லை.